கடல் உள்வாங்கும் கரையிலே...

ஜெர்மனியின் வடகடல் கரைக்குக் குழந்தைகளோடு விடுமுறைக்குப் போகிறீர்களா, சகோதரி? அறை பிடிக்கும்போதே கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பல இடங்களில் தினம் இரண்டு தடவை கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். குளிக்கலாம் என்று ஆசையாகப் போனால் கண்ணுக்கெட்டிய வரை வெறும் சேறுதான்! பிள்ளைகளுக்கோ அதில் அளைய ரொம்பக் கொண்டாட்டம். அளையட்டும்; எட்டப் போக மட்டும் விடாதீர்கள். திரும்பும் தண்ணீர் நமக்குப் பின்னால் இருக்கிற வாய்க்கால்களை முதலில் நிரப்பி வழியை அடைத்துவிடும். தூரமாக நடக்க வேண்டுமானால் வழிகாட்டி இல்லாமல் கூடவே கூடாது.

ஜூலையிலும் குளிர்காற்று வீசும். கம்பளிச் சட்டை அவசியம். வாடகைக்குக் கூரை வைத்த கூடை நாற்காலி கிடைக்கும். 1882-ல் வாதநோய்க்கார அம்மாள் ஒருவருக்காக ரோஸ்டாக் நகரக் கூடைக்காரர் பார்டெல்மன் செய்துகொடுத்ததாம் அது! பிள்ளை நனைந்து வந்தால் ஈரத்துணியை மாற்றி அதில் உட்கார வையுங்கள்.