வண்டிக்கு ஒரு சொல்

ஆஸ்திரேலியர் வண்டிப் பதிவை 'ரெஜோ' என்பர். 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்ற நெடுஞ்சொல்லின் தலையை மட்டும் எடுத்து, ஓர் ஓகாரத்தை வாலாக ஒட்டிய தெருச்சொல் அது. அந்நாட்டு அரசுத் துறைகளே அதனை எழுதக் கூசுவதில்லை.

நம் எல்லைப்புறத்திலும் அத்தகைய சொல் உண்டு. மூணாற்று ஜீப் ஓட்டுநரும் சித்தூர் லாரிக்காரரும் சொல்வது 'ஆர்.சி. புக்கு'. புத்தகம் போய் அட்டை வந்தும் சொல் போகவில்லை.

பொள்ளாச்சியில் வாங்கிய வண்டியைச் சித்தூரில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புது எண் பெற வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதற்காக அலையும் தமிழர், எழுதப் படிக்கத் தெரிந்தும் தரகரைத் தேடுகிறார். ஏன்? தம் பேச்சு தாளில் ஏறாது என்ற அச்சம்!

நண்பர்களே, அச்சம் எதற்கு? 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட சிறுபான்மை மொழிப் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழிலேயே வரவேண்டும். உரிமை ஏட்டில் உறங்கினால் யாருக்குப் பயன்?

விடுமுறையில் ஊர் செல்லும் நாம், ஒருவருக்கேனும் தமிழில் கடிதம் எழுதிக் கொடுப்போம். 'ஆர்.சி. புக்கு' என்றே எழுதுவோம். தூய சொல் பிறகு வரட்டும்; முதலில் தமிழ் அலுவலகப் படி ஏறட்டும்!