கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி

வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று எழுதிவரும் இந்தப் பக்கத்தில் கால் வலிக்கு என்ன வேலை என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கி, இரவு பத்து மணிக்கு இறக்கும் மளிகைக் கடைக்காரரின் மூலதனத்தில் அவருடைய இரண்டு கால்களும் சேர்த்தி. அந்தக் கால்கள் நள்ளிரவில் படுத்தும் பாடு நம்மில் பலருக்குத் தெரிந்ததே.

அசந்து தூங்கும்போது கெண்டைக்கால் சதை திடீரென்று கல்லாக இறுகுகிறது. நரம்பு சுருட்டிப் பிடிக்கிறது என்கிறோம். குரக்குவலி என்பது பழைய பெயர். பெயரில் நரம்பு இருந்தாலும் இறுகுவது சதைதான். சில நொடியோ சில நிமிடமோ உயிரை வாங்கிவிட்டுப் போய்விடும். மறுநாள் மூட்டை தூக்கும்போதும் அந்த இடம் நோகும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது அதிகம். இதன் முழுக் காரணம் மருத்துவ உலகுக்கே இன்னும் பிடிபடவில்லை. நெடுநேரம் நின்றே வேலை செய்வதும், சதை களைத்துப்போவதும், வயது ஏற ஏறத் தசைநார் குறுகுவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மூன்றும் நம் தொழிலில் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

வலி வந்தால் நாம் செய்வது என்ன? தெரிந்த மருந்துக் கடைக்குப் போய், "அண்ணே, கால் இழுக்குது, ஏதாவது குடுங்க" என்று கேட்டு ஒரு மாத்திரையை விழுங்குகிறோம். இதில் எச்சரிக்கை வேண்டும். நீலகிரியிலும் ஆனைமலையிலும் வெள்ளைக்காரன் காலத்தில் பயிரான சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த கொய்னா, மலேரியாவுக்கு மட்டுமின்றி இந்தக் குரக்குவலிக்கும் உலகெங்கும் நெடுங்காலம் கொடுக்கப்பட்டது. ஓரளவு கேட்கவும் செய்தது. ஆனால் சிலருக்கு இரத்தத் தட்டணுக்களைக் குறைத்தும், இதயத் துடிப்பைக் கெடுத்தும் உயிருக்கே உலை வைத்ததால், இந்த வலிக்காக அதைச் சீட்டில்லாமல் விற்பதை 1994-இல் அமெரிக்க அரசு தடுத்தது; 2006-இல் இந்த வலிக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது என்று எச்சரித்தது. மக்னீசியம் மாத்திரையும் அப்படி ஒன்றும் சாதிக்கவில்லை. ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2020-இல் வெளியான தொகுப்பு, வயதானவர்களுக்கு அதனால் சொல்லத்தக்க பலன் இருக்க வாய்ப்பில்லை என்றே முடிவு கட்டியது. நம் அலமாரியில் இருக்கும் தைலத்தைத் தேய்த்தால் இதமாக இருக்கும். வலி வராமல் தடுக்கும் என்று சொல்லி விற்க வேண்டாம்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. படுக்கப் போகும் முன் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, சுவரைப் பார்த்து நில்லுங்கள். உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாமல், முழங்கால் மடங்காமல் முன்னால் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். பத்து எண்ணும் வரை நின்று, தளர்த்தி, மூன்று முறை செய்யுங்கள். பிறகு பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, பாதத்தை உங்கள் பக்கம் வளைத்து, முன்னால் குனியுங்கள். தொடையின் பின்பக்கம் இழுபட வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் இரவுதோறும் இப்படி இரண்டு பக்கச் சதையையும் நீட்டியவர்களுக்கு வலி வரும் தடவையும் குறைந்தது, கடுமையும் குறைந்தது. கெண்டைக்காலை மட்டும் நீட்டிப் பார்த்த 2005-ஆம் ஆண்டு இங்கிலாந்து ஆய்வில் பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆகவே தொடையை விட்டுவிடாதீர்கள். ஆறு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

வலி பிடித்த அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது வேறு. முழங்காலை நீட்டி, கால் விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். எழ முடிந்தால் குதிகாலை அழுத்தி நிற்கலாம். விரல்களைக் கீழ்நோக்கி நீட்டினால் இன்னும் இறுகும்.

எல்லாக் கால் வலியும் குரக்குவலி அல்ல. நடந்தால் வலித்து, நின்றால் விடுவது இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். பீடி, சிகரெட் பழக்கமும் சர்க்கரை நோயும் உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நீர் பிரியவும் கொழுப்பைக் குறைக்கவும் மாத்திரை சாப்பிடுவோர், அதனால் கால் இழுக்கிறதா என்று எழுதிக்கொடுத்தவரையே கேட்கட்டும். தாமாக நிறுத்த வேண்டாம்.

இனி நாம் சொல்ல வந்த முக்கியச் செய்தி. நமக்காவது கல்லாவில் ஒரு நாற்காலி இருக்கிறது. பொட்டலம் கட்டும் பையனுக்கும், எடை போடும் பெண்ணுக்கும்? 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்க்கப்பட்ட திருத்தம், ஒவ்வொரு கடையிலும் எல்லாப் பணியாளர்களுக்கும் தக்க இருக்கை வேண்டும், வேலைக்கிடையே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்காரலாம் என்கிறது. கேரளம் இதை 2018-லேயே கொண்டுவந்தது. சட்டம் வந்து ஆண்டுகள் ஆகியும் நம் கடைவீதியில் ஒரு நடை நடந்தால் எத்தனை இருக்கை கண்ணில் படுகிறது?

பையன் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் மரியாதைக் குறைவாக நினைப்பார் என்கிறார்கள். வங்கியில் உட்கார்ந்து பணம் எண்ணுபவரை யாரும் அப்படி நினைப்பதில்லை. உட்கார்ந்தால் சோம்பல் வரும் என்பது இன்னொரு வாதம். பகல் மூன்று மணிக்குக் கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் அவன் நின்றுகொண்டு என்ன சுறுசுறுப்பைக் காட்டிவிடப் போகிறான்? இரவில் தூக்கம் கெட்ட பையன் மறுநாள் கால் கிலோ பருப்புக்கு அரைக் கிலோ விலையைப் போடுவான், அல்லது மாற்றிப் போடுவான். நஷ்டம் யாருக்கு?

உட்கார்ந்தே இருப்பதும் தீர்வல்ல. மண்டியில் திண்டில் சாய்ந்து காலை மடக்கியபடியே பகலைக் கழிக்கும் மொத்த வியாபாரிகள் மணிக்கொரு தரம் எழுந்து குடோன் வரை நடந்துவிட்டு வரட்டும்.

கடையில் இடமில்லை என்பது மட்டும் நியாயமான பேச்சு. பத்துக்குப் பத்துக் கடையில் மூட்டைக்கே இடம் போதாது. அதற்கு மடக்கு ஸ்டூல் இருக்கிறது. வேலை நேரத்தில் பலகைக்கு அடியில் தள்ளிவிடலாம். எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதுதான் இருக்கை என்று ஆய்வாளரிடம் காட்ட வேண்டாம். இந்த மாதமே வாங்கிப் போடுங்கள். பையனிடம் "உட்காருப்பா" என்று வாயால் ஒரு முறை சொல்லியும் விடுங்கள். முதலாளி சொல்லாமல் அவன் உட்காரமாட்டான்.