ரசீதில் ஏறாத முன்பணம்
கடனில் கார் எடுத்தவர் கட்டிய முன்பணத்தை டீலர் கணக்கில் சேர்க்காமல் விட்ட செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், புக்கிங் அன்று கையில் திணிக்கப்படும் அந்தத் துண்டுச் சீட்டுதான் நினைவில் நிற்கிறது. முன்பணம் கழியாவிட்டால் கடன் அந்த அளவுக்குப் பெருகும். நெல் விற்று முன்பணம் கொடுத்தவர், கொடுத்துவிட்ட பணத்துக்கே மாதாமாதம் வட்டியும் கட்டுவார். இதைக் கவனக்குறைவு என்று மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. செய்ததைப் பதிந்து வைப்பது நமக்குப் புதிதல்ல: செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்காமல் கோயில் குடைந்ததை மண்டகப்பட்டில் கல்லிலேயே பொறித்து வைத்தான் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். ஏழாம் நூற்றாண்டுப் பதிவு இன்றும் சாட்சி சொல்கிறது. நம் ஊர்க்காரர்கள் தொகையும் தேதியும் முத்திரையும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்கட்டும், கடன் தாளில் கையெழுத்திடும் முன் முன்பணம் கழிந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். அதற்குப் பிறகும் டீலர் கைவிரித்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிட 2 ஆண்டு அவகாசம் உண்டு.