ரோஜாக்கை ஜூஸாக்காதீர்கள்

'இசைக்கு மொழி கிடையாது' என்று இனி எவராவது மேடையேறிச் சொன்னால், எழுந்து வெளியே போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இசைக்கு மொழி உண்டு. இலக்கணமும் உண்டு. அதைப் படிக்கச் சோம்பல்படுகிறவர்கள்தான் இந்த வாசகத்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

பகலில் எஞ்சினியர் வேலை. ராத்திரியில் தாய்லாந்து, நார்வே நாட்டார் இசையை ஒன்றாக வைத்து ஏதாவது செய்து பார்ப்பேன். கேட்கிறவர்கள் எல்லாரும் இரண்டே யோசனைதான் சொல்கிறார்கள். "சுருதிய சரி பண்ணு. தாளத்த நேராக்கு." இங்குள்ள ஒரு விழாவின் தேர்வாளரும் இதையேதான் சொன்னார். என் சண்டை இந்த இரண்டு யோசனைகளோடுதான்.

முதலில் சுருதி. ரனாத் ஏக் என்கிற தாய் மரச்சட்டக் கருவியில் ஒரு ஸ்தாயி ஏறக்குறைய ஏழு சமபங்காகப் பிரிகிறது. 1885இல் லண்டன் கண்காட்சிக்கு வந்த சியாம் கலைஞர்களின் கருவிகளை அளந்து அலெக்சாண்டர் எல்லிஸ் இதைப் பதிவு செய்தார். கணக்குப் போட்டால் ஒரு படி 171 சென்ட், இரண்டு படி 343. கீபோர்டில் 300 இருக்கிறது, 400 இருக்கிறது. 343 இல்லை. நம்ம கணக்கில், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே நிற்கிற ஒரு காந்தாரம்.

இதில் விசேஷம் என்னவென்றால், நார்வேயின் ஹார்டாங்கர் ஃபிடிலைப் பழைய பாணியில் வாசிப்பவர்களிடமும் அப்படியொரு நடுக் காந்தாரம் கேட்கும். ஆக, இரண்டு ஊரும் கைகுலுக்கிக்கொள்ளும் இடமே அதுதான். சுருதியைச் 'சரி' செய்தால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

அடுத்தது தாளம். டெலிமார்க் பகுதியின் ஸ்பிரிங்கார் நடனத்தில் மூன்று அடி. மூன்றும் சமமில்லை: முதலாவது நீளம், இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது குட்டை. குறிலையும் நெடிலையும் ஒரே அளவாக இழுத்து வெண்பா படித்தால் எப்படி இருக்கும்? சாப்ட்வேரில் குவான்டைஸ் பொத்தானை அமுக்கினால் அதுதான் நடக்கும். ஆடுகிறவனுக்குக் கால் எங்கே வைப்பதென்றே தெரியாது.

"கிரீக் செய்யலையா?" என்பார்கள். செய்தார். க்னூட் டாலே வாசித்ததை ஹால்வோர்சன் ஃபிடிலுக்கு எழுதிவைக்க, அதை 1902-03இல் பியானோவுக்கு மாற்றினார். அருமையான படைப்பு, மறுக்கவில்லை. ஆனால் பியானோவில் நடுக் காந்தாரத்துக்குக் கட்டை இல்லை. ஹார்டாங்கரில் வில் படாமலே அடியில் அதிரும் கூடுதல் தந்திகளும் அதில் இல்லை. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. இன்று ஒவ்வொரு சுரத்தையும் சென்ட் கணக்கில் நகர்த்தலாம். வசதி இருந்தும் வெட்டுவதற்கு மரபை மீறுவது என்றா பெயர்? சோம்பேறித்தனம் என்று பெயர்.

நான் தூய்மைவாதி இல்லை. கலக்கக் கூடாது என்று சொல்லவுமில்லை. தாய்லாந்தின் வடகிழக்குக்கு ஈசான் என்று பெயர், நம்ம ஈசானிய மூலையேதான். அங்கே கேன் என்றொரு மூங்கில் வாய்க்கருவி, 16 குழல். ஒரு துளையை மெழுகால் அடைத்துவிட்டால் அந்தச் சுரம் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஹார்டாங்கர் வாசிப்பவரும் இரண்டு தந்திகளைச் சேர்த்தே வில்லால் இழுத்து, ஒன்றை ஆதார சுருதியாக நிறுத்துவார். அந்த இரண்டு ஆதாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உரசுகிற இடத்தில் உரச விடுங்கள். அங்கிருந்து ஒரு பாட்டு தொடங்கலாம்.

ரோஜாக்கில் வெள்ளரியும் அன்னாசியும் தனித்தனியாகத்தான் கடிபடும், அதனால்தான் அது ரோஜாக். எல்லாவற்றையும் பிளெண்டரில் போட்டு அடித்துவிட்டு, "பல இனச் சுவை" என்று கிளாஸை நீட்டுகிறார்கள். நம்ம ஊரில் இந்த ஜூஸுக்குக் கைதட்டு அதிகம்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் ஃப்யூஷன் என்று ஒன்றைக் கொடுத்தால், எந்தச் சுரத்தை மாற்றினீர்கள், எந்த அடியை நேராக்கினீர்கள், எதற்காக என்று கேளுங்கள். பதில் இருந்தால் உட்கார்ந்து கேட்கலாம். "இசைக்கு மொழி கிடையாது" என்று ஆரம்பித்தால், வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவையுங்கள்.