தோளுக்கு எத்தனை பலாப்பழம்?

என்.சி.சி-யில சேர்ற ஃபர்ஸ்ட் இயர் மக்கள் முதல்ல கேக்குறது, "துப்பாக்கி பின்னால உதைக்குமாமே, தோள்பட்டை கழண்டுடுமா?" சீனியர்ஸ் விடுற பீலா அப்படி! பயத்தை ஓரங்கட்டிட்டு கணக்கு போடுவோம், வாங்க.

எல்லாம் நியூட்டனின் மூன்றாம் விதிதான். குண்டும் வெடிமருந்து வாயுவும் எவ்வளவு உந்தத்தோட முன்னால பாயுதோ, அதே உந்தத்தோட துப்பாக்கி பின்னால வரும். எல்லா ரைஃபிளும் 4 கிலோனு வெச்சுக்கலாம். எங்க காடாம்புலியூர்ல அளவுகோல் பலாப்பழம்தானே? அதே ஆற்றல் கிடைக்க, 4 கிலோ பழம் எவ்வளவு உயரத்துலேர்ந்து விழணும்?

கேம்ப்ல சுடுற .22 ரைஃபிளுக்கு வெறும் 3 மில்லிமீட்டர். போலீஸ்ல ரொம்ப நாள் இருந்த த்ரீ நாட் த்ரீக்கு சுமார் 40 செ.மீ. நம்ம சேலம், தர்மபுரி காடுகள்ல ஆட்கொல்லிகளைத் தேடி அலைஞ்ச கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டருக்கு சுமார் 90 செ.மீ!

இது கணக்கு சொல்ற உதை. தோள் சொல்ற உதை வேற. துப்பாக்கியை லூஸா பிடிச்சா, அது வேகமெடுத்து வந்து குத்தும். தோளோட இறுக்கி அணைச்சா, உங்க உடம்பு எடையும் சேர்ந்துக்கும். குத்து வெறும் தள்ளலாயிடும். பின்கட்டையில ரப்பர் இருந்தா அடி வாங்குற நேரம் நீளும், விசை குறையும். கிரிக்கெட் பந்தை கையைப் பின்னால இழுத்து கேட்ச் பிடிக்கிற அதே டெக்னிக்!

மிச்சம் இருக்குறது காதும் மனசும். டமால் சத்தத்துக்கு பயந்து, சுடுறதுக்கு முன்னாடியே உடம்பு உதறும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சொல்லாம நடுவுல ஒரு டம்மி தோட்டாவை வெச்சுடணும். அது வெடிக்காது. ஆனா பயந்தவர் துப்பாக்கி முனை மட்டும் டக்குனு கீழே இறங்கும்! 3 மில்லிமீட்டர் உதைக்கே இந்தக் கூத்து நடக்கும்.

அட்டையில குறி தப்பினா மார்க்தான் போச்சு. காட்டுல தப்பினா? 436 பேரைக் கொன்னதா சொல்லப்படுற சம்பாவத் பெண்புலியை 1907-ல ஜிம் கார்பெட் சுட்டப்போ, அதோட வலதுபக்கக் கோரைப்பற்கள் உடைஞ்சிருந்துச்சு. காரணம், எப்பவோ யாரோ சுட்ட குண்டு. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமதான் அது மனுஷங்க பக்கம் திரும்புச்சுன்னு கார்பெட் எழுதியிருக்கார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறம் அந்த வேட்டைக் காலமும் முடிஞ்சது.

ஸோ, கேம்ப் போற மக்களே... காதை அடைச்சுக்கோங்க, கட்டையை இறுக்கி அணைங்க, ட்ரிகரை வெடுக்குனு இழுக்காம மெதுவா அமுக்குங்க. 3 மில்லிமீட்டர் பலாப்பழத்துக்கெல்லாம் பயப்படலாமா?