கணிதத்துக்கும் ஊர் உண்டு

கலைப்பீட மாணவன் ஒருவன் கம்பியில்லாத் தொடர்பியலைப் பற்றி எழுதப் புகுவது அதிகப்பிரசங்கித்தனம் என நகைப்போர் உளர். அவர்கள் 2020ஆம் ஆண்டைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். அவ்வாண்டு மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வி கையடக்கத் தொலைபேசிக்குள் புகுந்தது. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் அன்று பள்ளி மாணவராயிருந்த எம்மிற் பலர், லயத்து வாசலிற் கிட்டாத சைகையைத் தேடிக் கோயில் மேட்டுக்கு ஏறினோம். மழை வந்தால் பாடம் நின்றது.

கோபுரங்கள் போதாமை ஒரு காரணம். இலாபக் கணக்கு மற்றொரு காரணம். இவை பலரும் அறிந்தவை. எவரும் பேசாத மூன்றாவது ஒன்றும் உண்டு. எமது மலைகளைக் கணிதம் இன்னும் செவ்வனே அறிந்துகொள்ளவில்லை என்பதே அது.

கோபுரத்திலிருந்து புறப்படும் அலை நேரே எம்மை வந்தடைவதில்லை. பாறையிலும் சுவரிலும் தெறித்து, மலைமுகட்டில் வளைந்து, மரங்களிற் சிதறிப் பல வழிகளால் வருகிறது. இவ்வழிகளின் தொகுதியைக் கணித மொழியில் எழுதுவதே வானலைத் தட மாதிரியுரு. கோபுரத்தை எங்கே நாட்டுவது, கருவியை எவ்வாறு அமைப்பது என்பவற்றைப் பொறியியலாளர் இதனைக் கொண்டே தீர்மானிக்கின்றனர்.

பல வழிகளால் வரும் அலை நெடுங்காலம் தொல்லையாகவே கருதப்பட்டது. அத்தொல்லையையே செல்வமாக்க முனைந்தவர்களுள் ஒரு தமிழரும் உளர். பொள்ளாச்சியில் 1944இற் பிறந்து, இந்தியக் கடற்படையிற் பணியாற்றி, பின்னர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் சென்ற ஆரோக்கியசாமி பால்ராஜ், தோமஸ் கைலாத்துடன் இணைந்து 1994இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இரு முனைகளிலும் பல அலைவாங்கிகளை வைத்தால், ஒரே மீடிறனில் பல செய்தியோடைகளை ஒருங்கே அனுப்பலாம். வழிகள் ஒன்றையொன்று சாராதிருப்பின், அலைவாங்கிகளின் தொகைக்கேற்பக் கொள்ளளவும் பெருகும் எனப் பொஸ்கினியும் தெலத்தாரும் 1990களிற் காட்டினர். இன்றைய நான்காம், ஐந்தாம் தலைமுறை வலையமைப்புகள் இக்கருத்தின்மீதே நிற்கின்றன.

ஆனால், “சாராதிருப்பின்” என்ற அந்த ஒரு சொல்லிலேதான் ஊர் ஒளிந்திருக்கிறது. அலைகள் யாவும் ஒரே முகட்டின் விளிம்பால் வளைந்தோ, ஒரே இடுக்கினூடாகவோ வருமாயின், பயன் பெரிதும் குன்றிவிடும். அறைகள் பல இருந்தும் வாசல் ஒன்றேயான வீட்டின் நிலை அது. தாயத்தில் எத்தனை எண்கள் நிரம்பியிருப்பினும் செய்தி செல்லும் பாதை ஒன்றே. ஹந்தானைச் சாரலில் நிகழ்வது எது? அளந்தாலன்றி எவ்வாறு கூறுவது?

அளக்கப்பட்ட ஊர்கள் எவை? ஒக்குமுரா 1968இல் வெளியிட்ட அளவீடுகள் டோக்கியோவையும் அதன் சுற்றுப்புறங்களையும் சார்ந்தவை. அவற்றை 1980இற் சூத்திரமாக்கிய ஹாட்டாவின் கணக்கு, 150 முதல் 1500 மெகாஹேட்ஸ் வரையிலும், 1 முதல் 20 கிலோமீற்றர் தூரத்திலும், ஏறக்குறையச் சமமான நிலத்துக்கே பொருந்துவது. 1980களில் ஐரோப்பாவில் மலைநிலத்துக்கென ஒரு மாதிரியுரு வகுக்கப்பட்டது உண்மையே. எனினும் அது அலைகள் எவ்வளவு தாமதித்து வருகின்றன என்றதேயன்றி, எத்திசைகளால் வருகின்றன என்று கூறவில்லை. பல அலைவாங்கி முறைக்குத் திசையே உயிர். ஐந்தாம் தலைமுறைக்கென 2017இல் வெளியான சர்வதேச மாதிரியுருவோ நகரத் தெரு, நகரக் கூரை, அலுவலகம், நாட்டுப்புறம் என வகுத்தது. தேயிலை மலைக்கு அங்கே தனியிடம் இல்லை.

“கணிதம் எங்கும் ஒன்றே, நிலப்படத்தைக் கணினிக்குக் கொடுத்தாற் போதும்” என்பர் சிலர். சமன்பாடு எங்கும் ஒன்றே. அதனுள் இடும் எண்கள் ஒன்றல்ல. நனைந்த தேயிலைச் செடி அலையை எவ்வளவு விழுங்கும்? லயத்தின் தகரக் கூரை அதனை எத்திசைக்குத் தெறிக்கும்? இவற்றை நிலப்படம் சொல்லாது. அளவுகோலும் கையுமாக ஒருவர் மலையேறத்தான் வேண்டும். அளக்கப்படாத ஊருக்குப் பிறிதோர் ஊரின் எண்ணை இடுவது விஞ்ஞானமன்று, வசதி.

மகாவலியின் அக்கரையிற் பொறியியற் பீடம் இருக்கிறது. இக்கரையிற் புவியியல் கற்கும் நாம் இருக்கிறோம். சரிவுகளின் இயல்பையும், எந்த வளைவில் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்பதையும் நாம் அறிவோம். அலையை அளக்க அவர்கள் அறிவர். இருவரையும் பிரிப்பது ஓர் ஆறு மட்டுமே. பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த மலைகளை நாமே அளந்து, பெற்ற முடிவுகளை யாவரும் காணத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுதல் வேண்டும்.

கோயில் மேட்டில் குடையுடன் நின்ற பிள்ளை தன்னை அறியாமலே ஓர் அளவீட்டைச் செய்தாள்: இங்கே கிடைக்கிறது, அங்கே கிடைக்கவில்லை. அதனைக் குறித்துக்கொள்ள அன்று ஒருவரும் இருக்கவில்லை. இனியேனும் இருப்போமா?