பெயர் தெரியாத புழுவை வயலுக்கு அனுப்ப முடியாது

2021 மே மாதம் இரசாயனப் பசளைக்கும் பீடைநாசினிகளுக்கும் இறக்குமதித் தடை விதிக்கப்பட்டபோது, பூச்சிக்கு மாற்று என்ன என்ற கேள்விக்கு அரசாங்கத்திடம் ஆயத்தமான பதில் இருக்கவில்லை. நவம்பரில் தடை கைவிடப்பட்டது. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. 2018இல் சோளச் செய்கைக்குள் புகுந்த சேனா படைப்புழுவும் நாட்டைவிட்டுப் போய்விடவில்லை.

பதில்களில் ஒன்று மண்ணுக்குள்ளேயே இருக்கிறது: பூச்சிகளைக் கொல்லும் வட்டப்புழுக்கள். ஸ்டெய்னெர்னீமா, ஹெட்டெரோராப்டிடிஸ் என்ற இரு வகைகள் இவற்றில் முக்கியமானவை. கண்ணுக்கு எளிதில் புலப்படாத இளம்புழு, பூச்சிக் குடம்பியின் வாய், மலவாய், சுவாசத் துளை வழியாக நுழைந்து, தன் குடலில் சுமந்துவரும் பற்றீரியாவை உள்ளே விடுகிறது. பெரும்பாலும் இரண்டு நாட்களில் குடம்பி இறந்துவிடும்.

ஆனால் எந்தப் புழுவும் எந்த மண்ணிலும் வேலை செய்யாது. இந்தியா இதை அனுபவத்தில் கற்றது. அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்ட ஸ்டெய்னெர்னீமா புழு ஒன்று 1960களில் அங்கு கொண்டுவரப்பட்டு நெல், கரும்புப் பீடைகள்மீது பரீட்சிக்கப்பட்டது. வெப்பத்தில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பின்னர் கோயம்புத்தூரில் கண்டெடுக்கப்பட்ட உள்ளூர்ப் புழு ஒன்று 1992இல் ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா என்ற புதிய இனமாக விவரிக்கப்பட்டது. வெப்பத்தைத் தாங்கும் அந்த இனம் இன்று பல வெப்பவலய நாடுகளிலும் அறியப்பட்டது.

புதிய இனம் என்று அறிவிப்பது சுலபமல்ல. மண் மாதிரிக்குள் மெழுகு அந்துப்பூச்சியின் குடம்பிகளை இரையாக வைத்து, இறந்தவற்றிலிருந்து புழுக்களைப் பிரித்தெடுக்க வேண்டும். நுணுக்குக்காட்டியில் உடல் நீளம், வால், ஆண் புழுவின் இனப்பெருக்க உறுப்பு என ஒவ்வொன்றாக அளந்து, டீ.என்.ஏ. வரிசையை அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிட வேண்டும். அப்போதும் தவறு நேரலாம். இந்தியாவில் 2000ஆம் ஆண்டு புதிய இனமாக அறிவிக்கப்பட்ட ஸ்டெய்னெர்னீமா தெர்மோபைலம், 1997இல் ஓமானிலிருந்து விவரிக்கப்பட்ட ஸ்டெய்னெர்னீமா அப்பாசிதான் என்று பின்னர் கருதப்பட்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விவசாயி கேட்கலாம். எந்த இனம் என்று தெரிந்தால்தான் அது எந்தப் பீடையைக் கொல்லும், எந்த வெப்பநிலையில் பிழைக்கும், வேறு எந்தப் பூச்சிகளைப் பாதிக்கும் என்று சொல்ல முடியும். ஒரு நாட்டில் பெற்ற முடிவை இன்னொரு நாடு நம்பிப் பயன்படுத்துவதும் அந்தப் பெயரை வைத்துத்தான்.

இலங்கை மண்ணிலும் இப்புழுக்கள் இருப்பதை 1990களிலேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்துவிட்டனர். தேவைப்படுவது, அந்த வேலையைத் தொடரப் பல்கலைக்கழகங்களுக்கும் விவசாய ஆராய்ச்சி நிலையங்களுக்கும் ஆளணியும் நிதியும். தடையை ஒரே இரவில் வர்த்தமானியில் அறிவிக்கலாம். மாற்றை அப்படி உருவாக்க முடியாது. அடுத்த தடையோ அடுத்த டொலர் நெருக்கடியோ வரும்வரை இதைத் தள்ளிப்போட்டால், விலை கொடுக்கப்போவது மீண்டும் விவசாயிதான்.